அறுபத்தோராம் நாள், பத்தேகால் மணி

கோர்ட் வாசலில் வழி சொல்லும் வேலைக்குப் பெரிய படிப்பு வேண்டாம். எந்தக் கோர்ட் எந்த மாடியில், ஜெராக்ஸ் கடை எப்போது திறக்கும், பேர் கூப்பிடும் டவாலிகளில் எவர் குரல் காதில் விழாது என்பது தெரிந்தால் போதும். எனக்கு மூன்றும் தெரியும். முப்பது வருடத்துக்கு மேல் கூண்டில் நின்று தெரிந்துகொண்டேன்.

ராஜபாளையத்தில் நூல்மில் தொழிலாளி நான். வேலை பார்த்த நாளைவிட, வேலையை நிறுத்தச் சொல்லி கேட்டில் நின்ற நாள்தான் அதிகம் என்று மேனேஜர் சொல்வார். பொய் என்று சொல்லமாட்டேன். பள்ளிக்கூடம் எட்டாவதோடு முடிந்தது. மீதிப் படிப்பெல்லாம் நோட்டீஸ். முதலில் பிறர் அடித்ததைப் படித்தேன். பிறகு நானே எழுதி, நானே அச்சாபீசுக்கு அலைந்து, நானே பசை தடவி ஒட்டினேன். ஊரில் என் பெயர் மறைந்து 'நோட்டீஸ்காரர்' என்பதே நிலைத்துவிட்டது. 'கூலிக்காரனுக்கும் வக்கீல் கொடு' என்று நான் எழுதியது ஒரு காலத்தில் பஸ் ஸ்டாண்டுச் சுவர் முழுக்க இருந்தது. இன்று அரசாங்கமே சம்பளம் கொடுத்து, ஏழைக் கைதிகளுக்கென்று முழுநேர வக்கீல்கள் வைத்திருக்கிறது. அந்த ஆபீஸ் திறப்பு விழாவில் யார் யாருக்கோ சால்வை போட்டார்கள். எனக்கு உட்கார நாற்காலிகூட இல்லை.

நாற்காலி பிறகு கிடைத்தது. இப்போது ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் இலவச சட்ட உதவி மேசையில் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு தன்னார்வலராக உட்கார்ந்திருக்கிறேன். 'விலைபோயிட்டான்' என்று பழைய தோழர்கள் பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும். வாய்தாவுக்கு வந்து வந்து கால் வீங்கிப்போன என் சக கஷ்டக்காரர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்களுக்கு ஒரு நல்ல செய்தியும் வைத்திருக்கிறேன். ஆனால் கோர்ட்டில் எதுவும் நேராக வராது.

இலவச வேட்டி

மேசை போட்ட முதல் வாரம் ஒருவரும் வக்கீல் கேட்டு வரவில்லை. பட்டா மாற்ற எங்கே போகணும், ஆதாரில் பெயரைத் திருத்தணும், பாத்ரூம் எந்தப் பக்கம் என்று கேட்டு வந்தார்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். வாரக் கடைசியில் ஆலங்குளத்துப் பெரியவர் ஒருவர், வரப்புச் சண்டையில் அடிதடி வழக்காகி வாய்தாவுக்கு வந்தவர், என் தலைக்கு மேல் இருந்த பலகையை எழுத்துக்கூட்டிப் படித்தார். எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. எழுந்து நின்று, சல்லிக்காசு வேண்டாம், நல்ல வக்கீல், கடைசி வரைக்கும் கூட வருவார் என்று கூட்டத்தில் பேசுவதுபோலப் பேசினேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்து, இடுப்பு வேட்டியின் ஒரு முனையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். அதன் வழியாக எதிரே இருந்த புளியமரம் முழுசாகத் தெரிந்தது. "பொங்கலுக்குக் குடுத்த இலவச வேட்டி. ரெண்டு துவைப்புல வலையாப் போச்சு. இலவச வக்கீல் எத்தன வாய்தா தாங்குவாரு, அண்ணாச்சி?"

நான் வேண்டாமென்ற வக்கீல்

பலகைக்குக் கீழே உட்கார்ந்திருந்தவனே ஒரு காலத்தில் இலவச வக்கீலை வேண்டாமென்றவன்தான். அதை அந்தப் பெரியவரிடம் நான் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன். மில் வாசல் மறியலில் கைதாகி நின்றபோது, வக்கீல் இல்லையென்றால் ஏற்பாடு செய்யட்டுமா என்று மாஜிஸ்திரேட் மரியாதையாகத்தான் கேட்டார். அந்தக் காலத்து ஏற்பாடு இதுதான்: நீதிபதி தலையைத் தூக்கிப் பார்ப்பார், அந்த நேரத்தில் அறையில் வேலையில்லாமல் நிற்கிற ஜூனியர் யாரோ அவர்தான் உங்கள் வக்கீல். உங்கள் பெயரையே கூண்டுக்குப் பக்கத்தில் வந்துதான் கேட்பார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. என் வழக்கை நானே பேசுவேன் என்று மடியிலிருந்து நோட்டீஸை எடுத்தேன்.

இரண்டு பக்கம். உலகத் தொழிலாளர் நிலைமையில் ஆரம்பித்து மில் கேண்டீன் சாம்பார் வரைக்கும் வாசித்தேன். மாஜிஸ்திரேட் ஒரு கொட்டாவிகூட விடாமல் கேட்டார். முடிந்ததும், ஜாமீன் கேட்கிறீரா என்றார். நோட்டீஸில் அது இல்லை. அதனால் நானும் கேட்கவில்லை. பதினைந்து நாள் ரிமாண்ட். என்னோடு கைதான ஆறு பேர் வக்கீல் வைத்துச் சாயங்காலமே வீட்டுக்குப் போனார்கள். அந்தப் பதினைந்து நாளில் சங்கத்திலிருந்து ஒருத்தர்கூட என்னைப் பார்க்க வரவில்லை. இதை நான் இன்னும் மறக்கவில்லை. ஜெயிலில் எனக்குப் பக்கத்துப் பாய்க்காரன் ஒரு கோழித் திருட்டு வழக்கு. கோர்ட்டில் என் வாசிப்பைக் கேட்டிருந்தான். அவன் சொன்னான்: "நோட்டீஸ் நல்லாத்தாண்ணே இருந்துச்சு. இன்னும் பதினஞ்சு நாள் கெடக்குல்ல, மிச்சத்தையும் மெள்ளமாப் படிங்க."

குருசாமி ஆட்டிய தலை

வாரத்துக்கு ஒரு நாள் கிளைச் சிறைக்குப் போய், வக்கீல் இல்லாதவர்கள் யார் என்று விசாரித்து எழுதிக்கொண்டு வருவதும் என் வேலை. வாசல் காவலர் இன்னமும் என் பையைச் சோதிக்கிறார், நோட்டீஸ் இருக்கிறதா என்று. அங்கேதான் குருசாமியைப் பார்த்தேன். வன்னியம்பட்டிப் பக்கம் ஒரு மாந்தோப்புக்குக் காவல்காரர். அக்கம்பக்கத்துக் கிணறுகளில் மூன்று பம்புசெட் மோட்டார்கள் காணாமல் போயிருந்தன. அதில் ஒன்று குருசாமியின் தோப்பு வேலிக்குப் பின்னால் ஓடைக்குள் கிடந்தது. மோட்டார் கிடைத்தது, பக்கத்திலேயே ஓர் ஆளும் கிடைத்தார். மூன்றையும் அவர் தலையில் எழுதி ரிமாண்ட் செய்துவிட்டார்கள்.

நான் பார்த்தபோது அவர் உள்ளே வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அந்த ஒரு மாதமும் வக்கீல் கிடையாது, ஜாமீன் மனு கிடையாது. வக்கீல் வேண்டுமா என்று மாஜிஸ்திரேட் கேட்கவில்லையா என்றேன். கேட்டாராம். இவர்தான் வேண்டாமென்று தலையை ஆட்டினாராம். நம்மைப் போல ஒரு ரோஷக்காரர் என்று எனக்கு அவர்மேல் பாசமே வந்துவிட்டது. எதற்காக ஆட்டினீர்கள் என்று கேட்டேன். விவரம் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்துவிட்டு, குருசாமி சொன்னார்: "தப்புச் செஞ்சவந்தானய்யா வக்கீல் வைப்பான்? நான் எதுக்கு வைக்கணும்?"

ஒரே பஸ்

'வீட்ல கேட்டுக்கோங்க' என்று குருசாமி சொல்லிவிட்டதால், அவர் மனைவி பேச்சியம்மாவுக்குச் சொல்லி அனுப்பினேன். மறுநாள் காலையிலேயே வந்து என் மேசைக்கு எதிரே நின்றுவிட்டார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. குடும்பம் தோப்புக்குள் இருக்கும் காவல் குடிசையில்தான் இருக்கிறது. காய் இறக்குவதற்குள் குருசாமி வரவில்லையென்றால் காவலுக்கு வேறு ஆள் போட்டுவிடுவதாகவும், குடிசையைக் காலி செய்ய வேண்டும் என்றும் தோப்புக்காரர் சொல்லியிருக்கிறார். மாங்காய் இப்போது விரல் நீளம். ஆக, குருசாமியின் வழக்குக்கு வாய்தா போட்டது மாஜிஸ்திரேட் மட்டுமில்லை, மாமரமும்தான்.

நம் இலவச வக்கீலம்மாவைப் பேச்சியம்மாவுக்குக் காட்டினேன். பெயர் நஸ்ரின்; நான் நஸ்ரின் அம்மா என்றுதான் கூப்பிடுவேன். ராஜபாளையத்தில் பலசரக்குக் கடை வைத்திருப்பவரின் மகள். முப்பது வயசு இருக்கும். தினமும் பஸ்ஸில்தான் வருவார். அன்றைக்கு நேரம் சரியில்லை; அவரும், போலீஸ் தரப்பில் வாதாடுகிற அரசு வக்கீலும் ஒரே பஸ்ஸிலிருந்து இறங்கி, என்னவோ சிரித்துப் பேசிக்கொண்டு கேட்டுக்குள் வந்தார்கள். பேச்சியம்மா இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "அவியளுக்கும் கவர்மெண்டு சம்பளம், இவியளுக்கும் கவர்மெண்டு சம்பளம். ஒரே பஸ்ஸுல சிரிச்சுக்கிட்டு வாராக. உள்ள போய் எங்கிட்டு சண்ட போடப் போறாக?"

ஜெராக்ஸ்

சண்டை போடுவார் என்று பேச்சியம்மாவிடம் சத்தியம் செய்த பிறகுதான் குருசாமியிடம் வக்காலத்தில் கையெழுத்து வாங்கினேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அரசாங்கம் ஆள் போட்டிருக்கிறதே தவிர, ஆள் போதவில்லை. நஸ்ரின் அம்மாவின் பெயர் கீழே ஒரு கோர்ட்டில் இருக்கும் அதே நேரத்தில் மேல்மாடியிலும் இருக்கும். கீழே குறுக்கு விசாரணை நடக்கும்போது மேலே டவாலி கூப்பிடுவார். நான் படியேறி ஓடி, 'இதோ வந்துட்டாங்க' என்பேன். திரும்ப இறங்கி ஓடி, 'மேலே கூப்பிடுறாங்க' என்பேன். ஊர்வலத்தில்கூட நான் இவ்வளவு நடந்ததில்லை. மூட்டு வலிக்குத் தைலம் வாங்கியது இந்த வேலைக்கு வந்தபிறகுதான். மூன்றாவது தடவை மூச்சு வாங்கப் போய் நின்றபோது மேல்மாடி டவாலி மனம் இரங்கிக் கேட்டார்: "அண்ணாச்சி, கீழதான் கடை இருக்குல்ல. அம்மாவை ஒரு ஜெராக்ஸ் எடுத்துட்டு வர முடியாதா?"

அஞ்சு ஹெச்பி

அப்படிப்பட்ட ஓட்டத்திலும் நஸ்ரின் அம்மா குருசாமியை ஜெயிலில் போய்ப் பார்த்தார். நான் கூடப் போனேன். 'வலது கையைத் தூக்குங்க' என்றார். குருசாமியின் கை தோள் மட்டத்தோடு நின்றுவிட்டது. பல வருடத்துக்கு முன் மரத்திலிருந்து விழுந்ததில் அடிபட்ட கை. போலீஸ் எழுதியிருப்பதோ, குருசாமி ஒற்றை ஆளாக மோட்டாரைத் தோளில் தூக்கி வேலி தாண்டினார் என்று. என் காலத்து வக்கீல் யாரும் கைதியின் கையைப் பார்த்து நான் பார்த்ததில்லை.

'அந்த மோட்டார் எவ்வளவு கனம்னு தெரியணுமே ஐயா' என்றார். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கும் சீனிவாசனிடம் போனோம். அதே மாதிரி ஐந்து ஹெச்பி மோட்டார் ஒன்று தரையில் கிடந்தது. வக்கீலம்மா முன்னால் சும்மா நிற்பானேன் என்று நானே குனிந்து இரண்டு கையாலும் பிடித்தேன். மோட்டார் அசையவில்லை. என் இடுப்புதான் அசைந்தது. அங்கேயே என்னைப் பிடித்து ஸ்டூலில் உட்காரவைத்தார்கள். சீனிவாசன் தண்ணீர் கொடுத்துக்கொண்டே சொன்னார்: "நோட்டீஸ் அண்ணாச்சி, ஆட்சியவே தூக்கப்போறேன்னு சுவருல எழுதினீரு. அஞ்சு ஹெச்பி மோட்டாரத் தூக்க முடியலையே!"

பென்சில் வட்டம்

கையும் கனமும் ஜாமீன் மனுவில் போயின. மனு தள்ளுபடியானது. இரண்டு மோட்டார்கள் இன்னும் கிடைக்கவில்லை, விசாரணை முடியவில்லை என்று காரணம். பேச்சியம்மா முந்தானையை உதறிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். மாங்காய் அப்போது உள்ளங்கை அளவுக்கு வந்துவிட்டது.

நஸ்ரின் அம்மா முகம் வாடாமல் மேசைக் காலண்டரை எடுத்து, பென்சிலால் ஒரு தேதியைச் சுற்றி வட்டம் போட்டார். குருசாமியைக் கோர்ட்டில் நிறுத்திய நாளிலிருந்து அறுபது நாளுக்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை போட்டாக வேண்டும். போடவில்லையென்றால் அறுபத்தோராம் நாள் ஜாமீன் அவருடைய உரிமை. மோட்டார் கிடைத்ததா இல்லையா என்று யாரும் கேட்க முடியாது. ஒரே ஒரு நிபந்தனை: நாம் அன்றைக்கு மனுவைக் கொடுப்பதற்கு முன்னால் அவர்கள் குற்றப்பத்திரிகையைக் கொடுத்துவிட்டால் உரிமை போச்சு. யார் முதலில் என்பதுதான் கணக்கு. ஸ்டேஷனில் இந்தத் தேதியை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை என்றும் சொன்னார்.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இத்தனை வருட நோட்டீஸ் படிப்பில் இப்படி ஒரு உரிமை இருப்பதாக ஒரு வரி படித்ததில்லையே! ஜெயிலில் நான் கிடந்த நாட்களையெல்லாம் விரல்விட்டு எண்ண ஆரம்பித்தேன். என் முகத்தைப் பார்த்து அவருக்கு என்ன தோன்றியதோ, பென்சிலைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "ஐயா, இது மட்டும் நோட்டீஸ் அடிக்கிற விஷயம் இல்ல."

பாதி வடை

இனி வருவது என் தவறு. எங்களைப் போன்றவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு. வாழ்நாள் முழுக்க எந்தப் போராட்டத்தையும் முன்கூட்டி அறிவிக்காமல் நான் நடத்தியதில்லை. நாளைக்கு மறியல் என்றால் இன்றைக்கே கலெக்டருக்கும் போலீசுக்கும் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் செய்வேன். அதில் ஒரு பெருமை. அந்தப் பழக்கம் நாக்கில் ஊறிக் கிடக்கிறது.

அறுபதாம் நாள் சாயங்காலம். கோர்ட் கலைந்து, கேட்டைப் பூட்டிவிட்டார்கள். எதிரே மணியின் டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் கோர்ட் ஏட்டு செல்வராஜ். ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் காகிதம் கொண்டுவந்து கொண்டுபோவது அவர் வேலை. பழைய நாளில் என்னைப் பல தடவை வேனில் ஏற்றியவர். எங்களுக்குள் ஒரு மாதிரி உறவு. வடையைக் கடித்துக்கொண்டே சீண்டினார். 'என்ன பெருசு, ஒங்க ஓசி வக்கீலம்மா அந்த மோட்டார் களவாணிக்கு என்னத்தக் கிழிச்சுச்சு?' ஓசி என்ற சொல் என் காதில் விழுந்ததும் வாய் தானாகத் திறந்தது. 'நாளைக்குப் பாரும்யா! அறுபத்தொண்ணு! எங்க ஆளு கையசைச்சுட்டு வெளிய போவான்!'

சொல்லி முடிப்பதற்குள் எனக்கு விளங்கிவிட்டது. ஏட்டின் உதடு எண்ணியது. அறுபது வந்தபோது கண் விரிந்தது. கையிலிருந்ததைத் தட்டில் வைத்துவிட்டு, போனைக் காதில் வைத்தபடி பைக்கைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். மணி அந்தத் தட்டை எடுத்து என்னிடம் காட்டினார். "அண்ணாச்சி, ஏட்டய்யா பாதி வடையை வச்சிட்டுப் போறாரு. இந்தக் கடையில இதுவரைக்கும் நடக்காத காரியம்லா இது!"

போன்

மறைக்கலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். அது கேவலம் என்று தோன்றியது. நஸ்ரின் அம்மாவுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். அவர் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். என் வயசு காரணமாகத் திட்டவில்லை என்று நினைக்கிறேன். குருசாமி, பேச்சியம்மா, குடிசை, மரத்தில் தொங்குகிற காய் எல்லாம் என் கண்முன் வந்து நின்றன. போலீஸ் ராத்திரியோடு ராத்திரியாக எழுதி முடித்துக் காலையில் முதல் ஆளாகக் கொண்டுவந்துவிடும். ஒரு வடை தின்னும் நேரத்தில் ஒரு குடும்பத்தைத் தெருவில் நிறுத்திவிட்டேன்.

கடைசியில் அவர் கேட்டார்: 'ஐயா, இதுவரைக்கும் எத்தனை மறியல் பண்ணியிருப்பீங்க?' கணக்கில்லை என்றேன். "அப்ப நாளைக்கும் ஒண்ணு பண்ணுங்க. எட்டு மணிக்கே வந்து மனு வாங்குற கவுண்டர் முன்னாடி முதல் ஆளா நில்லுங்க. வாயை மட்டும் தொறக்காதீங்க."

வாய் திறக்காத மறியல்

எட்டு மணிக்கு நான் நின்றபோது வராந்தாவில் ஒரு நாயைத் தவிர யாருமில்லை. ஒன்பதரைக்கு ஏட்டு வந்தார். அக்குளில் சிவப்பு நாடா கட்டிய கட்டு. கண் சிவந்திருந்தது; தூங்கவில்லை போல. என்னைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. மனுவோ குற்றப்பத்திரிகையோ, எதுவானாலும் அந்த ஒரே கவுண்டரில்தான் கொடுக்க வேண்டும். எனக்குப் பின்னால் வந்து நின்றார். இதற்குள் நஸ்ரின் அம்மாவும் வந்துவிட்டார். ஆனால் ஆபீஸ் பிரிண்டரில் மை தீர்ந்துபோயிருந்தது. மனு அவர் போனில் இருக்கிறது, தாளில் இல்லை. ஜெராக்ஸ் கடை பத்து மணிக்குத்தான் திறக்கும். அவர் மூடின ஷட்டருக்கு முன்னால், நான் மூடின கவுண்டருக்கு முன்னால்.

பத்து மணிக்கு கிளார்க் வந்து ஜன்னலைத் திறந்து, 'என்ன பேப்பர், கொடுங்க' என்று கையை நீட்டினார். என்னிடம் பேப்பர் இல்லை. பேசவும் கூடாது. மில்லில் நாங்கள் ஒரு போராட்டம் நடத்துவோம்: வேலையை நிறுத்தமாட்டோம், ஆனால் அவ்வளவு மெதுவாகச் செய்வோம், மேனேஜர் அழுதுவிடுவார். அது நினைவுக்கு வந்தது. கண்ணாடிக் கூட்டை எடுத்தேன். திறந்தேன். கண்ணாடியைத் துண்டால் இந்தப் பக்கம் துடைத்தேன், அந்தப் பக்கம் துடைத்தேன். மாட்டினேன். பையின் முதல் ஜிப்பைத் திறந்தேன், தேடினேன், மூடினேன். இரண்டாவது ஜிப். பின்னாலிருந்து ஏட்டு, 'போலீஸ் காரியம், செத்த தள்ளும் பெருசு' என்றார். நான் திரும்பி, தரையில் போட்டிருந்த வரிசைக் கோட்டை விரலால் காட்டினேன். அவருக்குப் பின்னால் அதற்குள் பத்துப் பதினைந்து பேர். 'வரிசையில நில்லுங்க சார்' என்று குரல் வந்தது. கூட்டம் என் பக்கம் நின்று எத்தனையோ வருடமாயிற்று.

மூன்றாவது ஜிப்பில் இருந்தபோது நஸ்ரின் அம்மா ஓடிவந்தார். தாள் சூடு ஆறவில்லை. ஜன்னலுக்குள் நீட்டினார். கிளார்க் சீல் வைத்துத் தேதி எழுதினார். 'நேரமும் போடுங்க சார்' என்றார் அவர். தேதி போதும்மா என்றார் கிளார்க். 'போடுங்க சார்' என்று அதே குரலில் இன்னொரு தடவை சொன்னார், நகரவில்லை. கிளார்க் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எழுதினார்: பத்தேகால். அடுத்து ஏட்டின் கட்டு. பக்கம் எண்ணிச் சீல் வைக்க ஏழு நிமிடமானது. கடிகாரம் பார்த்து எழுதும் பழக்கம் வந்துவிட்டதால் அதிலும் நேரம் எழுதினார். ஏட்டு என் பக்கத்தில் வந்து நின்றார். கோபம் இல்லை, களைப்புதான். "முப்பது வருசமா நீரு சத்தம் போட்டப்பல்லாம் குண்டுக்கட்டாத் தூக்கி வேன்ல போட்டோம். இன்னைக்குச் சத்தம் போடாம நின்னீரு பாரும், ஒண்ணும் பண்ண முடியலய்யா."

ஏழு நிமிடம்

பன்னிரண்டு மணிக்கு மேல் வழக்கைக் கூப்பிட்டார்கள். பேச்சியம்மா என் பக்கத்தில், சுவரில் முதுகு படாமல் நின்றார். மாஜிஸ்திரேட் இரண்டு தாளையும் அருகருகே வைத்துப் பார்த்தார். பத்தேகால். பத்து இருபத்திரண்டு. குற்றப்பத்திரிகை தாக்கலாகிவிட்டதே என்று அரசு வக்கீல் ஆரம்பித்தார். அது பிந்தி வந்தது என்று நஸ்ரின் அம்மா மறித்தார். அவர் விடவில்லை, இவரும் விடவில்லை. குரல் ஏறியது. மாஜிஸ்திரேட் பேனாவை மேசையில் தட்ட வேண்டியிருந்தது. தட்டிவிட்டு எழுதினார்: இரண்டு பேர் பொறுப்பேற்றுக் கையெழுத்திட்டால் குருசாமிக்கு ஜாமீன்.

நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். காலையிலிருந்து நின்றது அப்போதுதான் தெரிந்தது. பேச்சியம்மா இன்னும் அந்த இரண்டு வக்கீல்களையும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, மனசுக்குள் ஒரு கணக்கு நேரானதுபோல மூச்சு விட்டுவிட்டுச் சொன்னார்: "ஒரே பஸ்ஸுல வந்தாலும் எறங்கின பொறவு வேற வேற ஆளுதான் போல."

இரண்டு பேர்

ஜாமீன் உத்தரவு கையில் இருந்தும் பொறுப்பேற்க ஆள் இல்லாமல் மாதக்கணக்கில் உள்ளே கிடப்பவர்களை எனக்குத் தெரியும். சொந்த வீட்டு வரி ரசீதோடு இரண்டு பேர் வர வேண்டும். பேச்சியம்மாவின் சொந்தக்காரர்கள் எல்லாம் இவர்களைப் போலவே அடுத்தவர் இடத்தில் இருப்பவர்கள். நான் நிற்கிறேன் என்றேன். இந்த மேசையில் உட்காருகிறவர் நிற்கக் கூடாது என்று நஸ்ரின் அம்மா தடுத்துவிட்டார். டீக்கடை மணி, 'எங் கடையிலதானே வெனை ஆரம்பிச்சுச்சு' என்று ரசீதை எடுத்துக்கொண்டு வந்தார். இன்னொருவர்?

என் பழைய தோழர்கள் நாலு பேருக்குப் போன் போட்டேன். ஒருவர் கல்யாண வீட்டில், ஒருவர் மதுரையில், இருவர் எடுக்கவில்லை. மேடையில் உயிரைக் கொடுப்பேன் என்று பேசியவர்கள். வீட்டு வரி ரசீது கேட்டால் கிடைக்காது. மறுநாள் மதியம் வரைக்கும் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் மோட்டார் ரிப்பேர் சீனிவாசனிடம் போய் நின்றேன். கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு, கேள்வியே கேட்காமல் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு என்னோடு வந்தார். கையெழுத்துப் போடும்போது ஏன் இதைச் செய்கிறீர் என்று கிளார்க் கேட்டார். சீனிவாசன் சொன்னார்: "மோட்டாரத்தான் தூக்க முடியல, ஆளையாவது வெளிய தூக்குவோம்னு வந்தேன் சார்."

தலை

அன்று மாலையே குருசாமி வெளியே வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதில் ஒரு சட்டை. தோப்பில் வெள்ளிக்கிழமை காய் இறக்க ஆள் சொல்லியிருந்தார்கள், அன்று புதன். காவலுக்கு வேறு ஆள் இன்னும் வரவில்லை, குடிசையில் இவர்கள் பாத்திரம் இருந்த இடத்திலேயே இருந்தது. வழக்கு நடக்கும், வாய்தா வரும், அதற்கு நஸ்ரின் அம்மா மேலும் கீழும் ஓடுவார், நானும் பின்னால் ஓடுவேன். அது இருக்கட்டும். அறுபத்துச் சொச்ச நாள் உள்ளே இருந்த ஆள் வேப்பமரத்தடியில் நின்று மூச்சை இழுத்து விட்டார். எனக்கும் சேர்த்து விட்டதுபோல இருந்தது.

பேச்சியம்மா அழவில்லை. பக்கத்தில் போய் அவரை மேலிருந்து கீழே பார்த்தார், பையை வாங்கிக்கொண்டார். என்னவோ ரகசியம் பேசப்போகிறார் என்று நான் திரும்பி நின்றுகொண்டேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கிற குரலில் கேட்டார்: "ஏன்யா, இனிமே ஜட்ஜய்யா வக்கீல் வேணுமான்னு கேட்டா தலைய எந்தப் பக்கம் ஆட்டுவீரு? எங்க, இந்த நோட்டீஸ் அண்ணாச்சி முன்னால ஒருக்கா ஆட்டிக் காட்டும் பாப்போம்!"

அரசாங்கத்தை எதிர்த்து நான் இறங்கிய சண்டைகளில் முழுசாக ஜெயித்தது இது ஒன்றுதான், அதற்கும் என் பக்கம் நின்று சண்டை போட அரசாங்கமே ஆள் போட்டுச் சம்பளம் கொடுத்திருந்தது.